இலை பச்சை, வேர் எப்படி? மர நாற்றுகளின் குறையை அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் சேதமில்லாத தோப்பு என்று ஒன்றைக் காட்ட முடியாது. காய்த்துக் குலுங்கிய தென்னையும் பலாவும் வேரோடு போன காற்றில் என் நாலு வருஷத்து மகோகனிகள் சாய்ந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் சாய்ந்த மரங்களின் அடியைப் புரட்டிப் பார்த்தபோது நெஞ்சு பதறியது. வேர்கள் பக்கவாட்டில் ஓடவே இல்லை. ஒரு சாண் அகலத்துக்குள் கயிறு சுற்றியதுபோல் சுருண்டு, நாலு வருஷத்துக்கு முன் நான் கிழித்து எறிந்த பாலித்தீன் பையின் உருவத்திலேயே இருந்தன. அதே வரிசையில், விதை ஊன்றி நானே வளர்த்த ஏழெட்டு மரங்கள் கிளை முறிந்தாலும் நின்றுகொண்டிருந்தன.

விலைக்கு வாங்கிய அந்தக் கன்றுகள் வாங்கிய அன்று பளபளவென்று பச்சையாக இருந்தன. நான் இலையைப் பார்த்தேன், பையைக் கிழித்து வேரைப் பார்க்கவில்லை. அதன்பிறகு நாற்று வளர்ப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டேன். நாற்றங்காலிலும், நட்ட இடத்துக்குப் போய்ச் சேரும் வரையிலும் கன்றுக்கு வரும் குறைகளை எப்படிப் பிரித்தறிவது என்று நான் செய்து பார்த்த முறையை இங்கே எழுதுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பையைக் கிழியுங்கள்

மருந்துக் கடைக்கு ஓடும் முன் செய்ய வேண்டியது இது. ஆயிரம் பை இருந்தால் இருபது கன்றுகளைப் பொறுக்குங்கள். பாதையோரக் கன்றுகளை மட்டும் எடுக்கக் கூடாது. ஓரத்தில் ஐந்து, நடுவில் பத்து, தண்ணீர் தேங்கும் மூலையில் ஐந்து என்று எடுங்கள். அதில் மூன்றைக் கிழித்துவிடுங்கள். மூன்று கன்று போகிறதே என்று கை தயங்கும். தயங்க வேண்டாம், மீதியைக் காப்பாற்றும் செலவு அவ்வளவுதான்.

கிழித்ததும் மண்கட்டியை மூக்கருகே கொண்டுபோங்கள். நல்ல கலவை, முதல் மழையில் வரும் மண்வாசனை அடிக்கும். புளித்த வாடையோ சாக்கடை வாடையோ வந்தால் உள்ளே காற்றில்லை என்று பொருள். பிறகு மண்ணை வாளித் தண்ணீரில் அலசி வேரைப் பாருங்கள். நுனி வெள்ளையாக இருந்தால் வேர் வளர்ந்துகொண்டிருக்கிறது. பழுப்பு நிறம் மட்டும் நோயல்ல. முதிர்ந்த வேர் அப்படித்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு சல்லிவேரை இரண்டு விரலால் கிள்ளி மெல்ல இழுங்கள். முழுசாக நின்றால் உயிரோடு இருக்கிறது. மேல்தோல் உறைபோல வழுக்கிக் கையோடு வந்து, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சினால் அது அழுகல்.

கடைசியாக, மண் மட்டத்தில் தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்தோல் பச்சையாக, ஈரமாக இருக்க வேண்டும். பழுப்பாகக் காய்ந்திருந்தால் மேலே எத்தனை இலை இருந்தாலும் அந்தக் கன்று தேறாது.

முளைத்த கன்று இரவோடு இரவாகச் சாய்கிறது

விதை தூவி முளைக்க வைக்கும் தாய்ப்பாத்தியில் நேற்று நிமிர்ந்து நின்றவை இன்று காலையில் வட்டம் வட்டமாகப் படுத்திருக்கும். கழுத்து நீர் கோத்து, சுருங்கி, நூலாகியிருக்கும். இது நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா, பியூசேரியம் ஆகிய மண்வழிப் பூஞ்சைக் கூட்டத்தின் வேலை. விதையை நெருக்கமாகத் தூவியதும், சாயங்காலம் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் பாத்தியை நனைத்து வைத்ததும்தான் அவற்றுக்கு வாசல் திறந்துவிடுகின்றன.

வட்டத்தை விட ஒரு சாண் அதிகமாகவே கன்றுகளையும் மண்ணையும் வாரி வெளியே எடுத்துவிடுங்கள். ஓரங்களில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து பூவாளியால் வேர் நனைய ஊற்றுங்கள். தண்ணீர் இனி காலையில் மட்டும். காப்பர் ஊற்றிய இடத்தில் அடுத்த பத்துப் பதினைந்து நாளைக்கு, நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி போட வேண்டாம். அதுவும் பூஞ்சைதான், காப்பர் அதையும் பாதிக்கலாம். டிரைக்கோடெர்மாவை விதைப்பதற்கு முன்பே மக்கிய தொழு உரத்தில் கலந்து பாத்தியில் சேர்ப்பதுதான் முறை.

இதே மாதிரி தோன்றும் இன்னொன்று உண்டு. மேற்குப் பார்த்த ஓர வரிசையில் மட்டும், வெயில்படும் பக்கத்தில் மட்டும், கழுத்து வெளுத்துக் காய்ந்து ஒடுங்கியிருந்தால் அது பூஞ்சை இல்லை. சித்திரை வெயிலில் கறுப்புப் பையின் விளிம்பும் மேல்மண்ணும் கொதித்து இளந்தண்டைச் சுட்டிருக்கின்றன. மருந்து தேவையில்லை. அந்த ஓரத்துக்கு நிழல்வலையோ தென்னங்கீற்றுத் தட்டியோ சாய்த்து வைத்தால் போதும்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் கன்று வாடுகிறது

எந்த நேரத்தில் வாடுகிறது என்பதைக் கவனியுங்கள். உச்சி வெயிலில் தொங்கி, பொழுது சாயும்போது நிமிர்ந்தால் அது வெயிலுக்கான ஓய்வு. விடியற்காலையிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் வேர் வேலை செய்யவில்லை. இந்த நிலையில் பதறிப்போய் இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் பெரும்பாலான கன்றுகளைக் கொல்கிறது.

பையைத் தூக்கிக் கனத்தைப் பாருங்கள். கனமாக இருந்தால் அடித்துளை அடைபட்டிருக்கும். கரம்பை மண் அதிகம் போட்ட கலவையில் இது அடிக்கடி வரும். துளைகளைக் கம்பியால் குத்திவிட்டு, மேல்மண் உலர்ந்து நிறம் மாறும் வரை நீரை நிறுத்துங்கள். மேலே பாசி படர்ந்திருந்தால் அது பல வாரங்களாகவே நீர் அதிகம் போய்க்கொண்டிருப்பதற்குச் சாட்சி. அடுத்த முறை செம்மண், மணல், தொழு உரம் மூன்றையும் சம பங்காகவோ, மண் இரண்டு பங்காகவோ கலக்கும்போது மணலைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

மண் ஈரமாக இருந்தும் பை லேசாக இருந்தால் ஈரம் மேலே ஓர் அங்குலம் மட்டும்தான். பூவாளியால் மேலோட்டமாகத் தெளித்துக்கொண்டே போகும் இடங்களில் இப்படி நடக்கும்.

இலை மஞ்சளாகிறது

மஞ்சள் என்றதும் யூரியா என்று கை போகிறது. கொஞ்சம் பொறுங்கள். எந்த இலை மஞ்சளாகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

அடியிலிருக்கும் முதிர்ந்த இலை முழுசாக வெளுத்து, கொழுந்து பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறை. கன்று கீழிலையிலிருந்து சத்தை உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கிறது. இதற்குத் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 நீரில் கரையும் உரம் லிட்டருக்கு 3 கிராம், வாரம் ஒருமுறை ஊற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் தெரியும். அடியிலை நரம்பு பச்சையாக, நடுப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் குறைகிறது.

கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடுகளாக நின்றால் அது இரும்புக் குறை. இங்கே ஒரு முக்கியமான விஷயம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். நாம் ஊற்றும் ஆழ்குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமாக இருந்து, பையிலுள்ள மண்ணின் பி.எச். 7.5-ஐத் தாண்டிவிட்டால் இரும்பு வேருக்குக் கரைந்து கிடைப்பதில்லை. பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்குப் படியும் தண்ணீர் என்றால் சந்தேகப்படுங்கள். உடனடி நிவாரணம்: அன்னபேதி உப்பு (பெரஸ் சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். முதலில் பத்துக் கன்றில் மாலையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். கருகவில்லை என்றால் மற்றவற்றுக்கும். ஆனால் தண்ணீரை மாற்றாமல், அல்லது மழைநீர் கலக்காமல், இந்தக் குறை திரும்பத் திரும்ப வரும்.

வேம்பு, மகோகனிக் கொழுந்துகள் செம்பு நிறத்தில் வருவது இயல்பு. புதிதாக நாற்றங்கால் போட்டவர்கள் இதைப் பார்த்துப் பயந்து மருந்தடித்துக் கொழுந்தைக் கருக்கிவிடுகிறார்கள். இலை விரிந்து முதிர்ந்தால் தானாகப் பச்சையாகிவிடும். தேக்கின் இலையடியில் ஆரஞ்சு நிறப் பொடி அப்பியிருப்பது வேறு கதை. அது துரு நோய். கையால் தடவினால் விரலில் பொடி ஒட்டும். நெருக்கத்தைக் குறைத்து, கொட்டிய இலைகளைப் பொறுக்கி எரித்துவிட வேண்டும்.

இலை நுனியும் ஓரமும் கருகுகின்றன

பையின் மேல்மண்ணில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் தண்ணீரில் உப்பு அதிகம், அல்லது உரம் அதிகம். அடித்துளை வழியாக நீர் வழிந்து ஓடும்வரை நல்ல தண்ணீரை இரண்டு மூன்று முறை ஊற்றி அலசுங்கள்.

கன்று வேகமாக உயர்கிறது, ஆனால் தானாக நிற்கவில்லை

வாங்குபவருக்கு மிகவும் பிடித்த குறை இதுதான். இரண்டரை அடிக் கன்று என்றால் ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அளந்து பாருங்கள்: கன்றின் உயரத்தைச் செ.மீ.-யில் எடுங்கள், கழுத்தின் குறுக்களவை வெர்னியர் வைத்து மி.மீ.-யில் எடுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது கன்றின் திடத்தைச் சொல்லும் எண். 36 செ.மீ. உயரம், 6 மி.மீ. கழுத்து என்றால் 6. அதற்குள் இருப்பது நல்லது. 75 செ.மீ. உயரமும் 6 மி.மீ. கழுத்தும் என்றால் 12.5, அந்தக் கன்று வயலில் முதல் காற்றுக்கே மண்ணைத் தொடும். வெர்னியர் இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பென்சிலைக் கழுத்தோடு வைத்துப் பாருங்கள். பென்சிலின் தடிமன் ஏறக்குறைய 7 மி.மீ.

சவுக்குக்கு இந்த எண்ணை அப்படியே பிடித்துத் தொங்க வேண்டாம். அது இயல்பிலேயே ஒல்லியாக ஓடும் மரம். வேம்பு, மகோகனி, புங்கம், வேங்கை போன்றவற்றுக்கு நன்றாகப் பொருந்தும்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: நிழல் அதிகம், நெருக்கம் அதிகம், தழைச்சத்து அதிகம். 50 சதவீத நிழல்வலை முளைப்பருவத்துக்கு நல்லது. மூன்று மாதக் கன்றை அதன் கீழேயே வைத்திருந்தால் வெளிச்சம் தேடி நீளும். வலையை ஒரே நாளில் உருவிவிடாதீர்கள், இலை வெந்துவிடும். முதல் வாரம் காலை வெயில் மட்டும், அடுத்த வாரம் பாதி நாள், பிறகு முழு வெயில். பைகளை ஒரு விரற்கடை இடைவெளி விட்டு அடுக்குங்கள். நடுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது யூரியாவை நிறுத்தி, தண்ணீரையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதைத்தான் கடினப்படுத்துதல் என்கிறோம். இந்த ஒரு மாதத்தில் கன்று உயராது. தண்டு தடிக்கும், பச்சைத் தண்டு பழுப்பு மரமாக மாறும்.

வேரில் முண்டு முண்டாக இருக்கிறது

வேரைத் தாக்கும் நூற்புழு என்று நினைத்துக் கன்றுகளைக் குப்பையில் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கொட்டியது பல சமயம் தங்கள் நல்ல கன்றுகளை.

புங்கம், வாகை, வேங்கை போன்ற பயறு இனத்து மரங்களின் வேர்முடிச்சு வேரின் பக்கத்தில் மணிபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டை விரலால் தேய்த்தால் உதிரும். நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. அது காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியாவின் வீடு. சவுக்கில் இதே வேலையைப் பிராங்கியா என்ற நுண்ணுயிர் செய்கிறது. அதன் முடிச்சு பவளக் கொத்து மாதிரி கிளைகிளையாக இருக்கும். இவை இருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டும்.

நூற்புழு முண்டு வேரில் ஒட்டியிருக்காது. வேரே அங்கங்கே வீங்கி, மணி கோத்த கயிறுபோல் ஆகியிருக்கும். தேய்த்தாலும் உதிராது. அப்படி இருந்தால் அந்தப் பைகளைத் தனியே ஒதுக்கி அழித்துவிடுங்கள். அந்த மண்ணை மறுபடியும் கலவையில் சேர்க்காதீர்கள்.

வேர் பைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது

என் மகோகனிகளைச் சாய்த்த குறை இது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு அறிகுறியும் தெரியாது. பையை அமுக்கிப் பார்த்தால் மண் நெகிழாமல் கல்லுபோல் இருப்பதும், ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்பதும்தான் அடையாளம். இரண்டு வகை உண்டு. பை மாற்றும்போது ஆணிவேர் மேல்நோக்கி மடங்கித் தூண்டில் முள்போல் ஆகியிருந்தால் அந்தக் கன்றை எந்த வைத்தியமும் திருத்தாது, விற்கவும் கூடாது. பை சிறிதாகி, சல்லிவேர்கள் மட்டும் சுற்றத் தொடங்கியிருந்தால் காப்பாற்றலாம். நடும்போது மண்கட்டியின் அடியில் இரண்டு விரற்கடையை அரிவாளால் வெட்டி எறிந்துவிட்டு, பக்கத்தில் மேலிருந்து கீழாக மூன்று கீறல் போடுங்கள். வெட்டிய இடத்திலிருந்து புது வேர் வெளியே பார்த்து ஓடும்.

உள்சுவரில் வரிகளும் அடியில் திறப்பும் உள்ள ரூட் ட்ரெய்னர் குழல்களை மேசைமேல் நிறுத்தினால் வேர் கீழிறங்கிக் காற்றுப்பட்டு நுனி நின்றுவிடும்; சுற்றாது. மேசை இல்லாமல் தரையில் அடுக்கினால் அந்தக் குழலுக்குக் கொடுத்த காசு வீண்.

மழைக்காகக் காத்திருக்கும்போது: தூக்கிய மறுநாள் வாடுகிறது

நமக்கு நடவுக் காலம் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசியில் வர வேண்டிய மழை தள்ளிப்போனால் ஆயிரக்கணக்கான கன்றுகள் நாற்றங்காலிலேயே காத்திருக்கின்றன. அதற்குள் வேர் பையின் அடித்துளை வழியே தரைக்குள் போய்விடுகிறது. அந்த வேர் கொடுக்கும் தண்ணீரில்தான் கன்று செழிப்பாகத் தெரிகிறது. லாரி வந்து நிற்கும்போது பையைப் பிடுங்கினால் பட்டென்று அறுந்து, மறுநாள் மதியமே தலை தொங்கிவிடும்.

மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பைகளை இடம் மாற்றி வையுங்கள், அல்லது தொடக்கத்திலேயே அடியில் கனமான பாலித்தீன் தாள் விரித்து அடுக்குங்கள். ஏற்கெனவே வேர் இறங்கிவிட்டதென்றால் தூக்கி, தொங்கும் வேரைக் கத்தரியால் வெட்டி, பத்துப் பதினைந்து நாள் அரைநிழலில் வைத்த பிறகே அனுப்ப வேண்டும். வாங்குபவர் அவசரப்படுத்துவார். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சவுக்குக் கட்டின் நடுவில் சூடு

தாய்ப்பாத்தியிலிருந்து பிடுங்கிய வெறுவேர் சவுக்கு நாற்றைக் கட்டுக் கட்டாகக் கட்டி அனுப்பும் வழக்கம் உள்ள ஊர்களுக்கு இது. கட்டின் நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள். வெளியே ஈரமாக, குளுமையாக இருந்தாலும் உள்ளே வெதுவெதுப்பாக, வைக்கோற்போர் உள்ளே காந்துவதுபோல் இருந்தால் நாற்று வெந்துகொண்டிருக்கிறது. பிடுங்கிய பின்னும் அது மூச்சுவிடுகிறது. நெருக்கிக் கட்டினால் அந்தச் சூட்டுக்கு வழியில்லை. உடனே கட்டை அவிழ்த்து நிழலில் பரப்பி, வேரை மட்டும் நீரில் நனைத்து, சிறு கட்டுகளாக நிமிர்த்தி வைக்க வேண்டும். ஊசிகள் நிறம் மங்கிக் கையால் உருவினால் உதிர்ந்தால் காலம் கடந்துவிட்டது.

பிடுங்கியதும் வேரைச் சேற்றுக் குழம்பில் முக்குவது, ஈரச் சாக்கில் சுற்றுவது, இரவில் ஏற்றுவது, லாரியின் மேல் தார்ப்பாய் போடுவது ஆகிய நாலையும் ஒன்றுவிடாமல் செய்யுங்கள். காற்றோட்டத்தில் திறந்த வண்டியில் வெறுவேர் உலர அதிக நேரம் ஆகாது. வந்த நாற்றை மறுநாளுக்குள் நட்டுவிட வேண்டும்.

தேக்கு நாற்றுக்குச்சி இதைவிடப் பொறுமையானது. ஒரு வருஷக் கன்றைப் பிடுங்கித் தண்டில் ஓரிரு அங்குலமும் வேரில் ஒரு சாணும் விட்டு நறுக்கியதால் வாடுவதற்கு இலையே கிடையாது. நிழலில் குழி எடுத்து, நீர் சொட்டாத மணலை அடுக்கடுக்காகப் போட்டுச் சில வாரம் வைக்கலாம். தோல் சுருங்கியிருந்தால் மணல் மிகவும் காய்ந்திருக்கிறது. பூசணம் பூத்தால் மணல் மிகவும் ஈரம். நகக்கீறலில் பாலாடை நிறமும் ஈரமும் தெரிய வேண்டும்.

காய்கறிக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கலாமா?

மழை தள்ளிப்போகும் ஆண்டுகளில் இந்தக் கேள்வி வரும். குளிர் நாடுகளில் டக்ளஸ் ஃபர், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை நாற்றுகளைப் பிடுங்கி, பெட்டியில் அடைத்து, மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் அளவில் மாதக்கணக்கில் வைத்து, பனி உருகியதும் நடுகிறார்கள். அது நடக்கக் காரணம், அந்த மரங்கள் இலையுதிர்காலக் குளிரில் மெல்ல மெல்லப் பழகி உறக்கத்துக்குப் போயிருக்கின்றன. உறங்கும் முன் பிடுங்கினால் அங்கேயும் சாகும். உறைநிலைக்குச் சற்று மேலே ஈரத்தோடு வைத்தால் போட்ரைட்டிஸ் என்னும் சாம்பல் பூசணம் பிடிக்கும்.

நம் மரங்களுக்கு அந்தக் குளிர்கால உறக்கம் இல்லை. குளிர்பெட்டியில் வைத்த வாழைப்பழத்தின் தோல் கறுப்பதுபோல், பத்து டிகிரிக்குக் கீழே போனாலே நம் வெப்பமண்டலக் கன்றுகள் பலவற்றின் செல்கள் கசியத் தொடங்கிவிடும். உள்ளே இருக்கும்வரை பச்சையாகவே தெரியும். வெளியே எடுத்து ஓரிரு நாளில் இலை நீர் கோத்ததுபோல் கறுத்துத் தொங்கும். ஆகவே வேண்டாம். நிழல், ஈரச்சாக்கு, காற்றோட்டம் இவையே நமக்குக் கிடங்கு.

காத்திருந்த கன்று தேறுமா என்று சந்தேகம் வந்தால்

குளிர் நாட்டவர்கள் கிடங்கிலிருந்து எடுத்த நாற்றுக்குச் செய்யும் ஒரு சோதனையை நாமும் செய்யலாம். பத்துக் கன்றை எடுத்து வேரை அலசி, ஏற்கெனவே இருக்கும் வெள்ளை நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். மணல் நிரப்பிய தொட்டியில் நட்டு, அரைநிழலில் வைத்து, மணல் காயாமல் நீர் விடுங்கள். பதினான்காம் நாள் மெல்லப் பிடுங்கி அலசி, ஒரு செ.மீ.-க்கு மேல் நீண்ட புது வெள்ளை வேர்களை எண்ணுங்கள். எட்டு ஒன்பது கன்றில் நிறைய இருந்தால் அந்தத் தொகுதியை மழை வந்ததும் அனுப்புங்கள். பாதிக் கன்றில் மட்டும் இருந்தால் அந்தத் தொகுதியின் தொங்கும் வேரை வெட்டி, அரைநிழலில் இன்னும் மூன்று வாரம் வைத்து மறுபடியும் சோதியுங்கள். இரண்டு மூன்றில்தான் வேர் வந்திருக்கிறது என்றால் இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அந்தத் தொகுதியை வண்டியில் ஏற்ற வேண்டாம்.